1,000 லிட்டர் பயோகேஸ் தொட்டி: 15 மாதம் சமைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

சமையல் கழிவை நொதிக்கவைத்து அடுப்புக்கு எரிவாயு எடுக்கும் வீட்டுத் தொட்டி இது. வாங்கிய முதல் வாரத்திலேயே இதை எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன், நான்காவது மாதம் எழுதியிருந்தால் யாரும் வாங்காதீர்கள் என்று திட்டியிருப்பேன். இப்போது 15 மாதம் ஆகிவிட்டது. ஒரு கோடை, ஒரு மார்கழி, ஒரு பொங்கல் எல்லாம் பார்த்தாயிற்று, அதனால் ஓரளவு நியாயமாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

கம்பெனி பெயர் போடவில்லை. இதே அமைப்பில் நிறைய பேர் விற்கிறார்கள், எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, அதற்குள் கவிழ்த்து வைத்த இன்னொரு டிரம், ஒரு பக்கம் கழிவு ஊற்றும் குழாய், மறுபக்கம் நொதித்து முடிந்த கரைசல் வெளியே வரும் குழாய், டிரம் தலையில் ஒரு வால்வு, அதிலிருந்து அடுப்படி வரைக்கும் 10 மீட்டர் ட்யூப், ஒற்றை பர்னர் அடுப்பு. மொத்தம் 26,500 ரூபாய், வண்டி வாடகை 1,500 தனி. நாங்கள் இருப்பது கோபிசெட்டிபாளையம் பக்கம், சின்னத் தோட்டம், வீட்டில் ஐந்து பேர். மாடு இப்போது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "மாடு இல்லாம எப்படிங்க?" என்பதுதான்.

என் அம்மா வீட்டில் பழைய சாண எரிவாயு இருந்தது. தரையில் செங்கல் கிணறு கட்டி மேலே இரும்பு டிரம் மிதக்கவிட்டது, காதி கமிஷன் ஊர் ஊராகப் பரப்பிய அதே மாடல். தினமும் இரண்டு கூடை சாணம் கரைத்து ஊற்ற வேண்டும். டிரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது, மாட்டையும் விற்றார்கள், கிணற்றை மண் போட்டு மூடிவிட்டார்கள். எங்கள் பக்கம் பல வீட்டில் இதே கதைதான். அதனால் பயோகேஸ் என்றாலே சாணம், சாணம் என்றால் மாடு என்று மனதில் பதிந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால் சாணம் என்பது மாடு தின்று, வேண்டிய சத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளியது. அதில் சக்தி எவ்வளவு மிச்சம் இருக்கும்? புனேயில் ஆனந்த் கர்வே என்ற தாவரவியல் விஞ்ஞானி கேட்டது இந்தக் கேள்வியைத்தான். மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ள பொருளை, அதாவது மீந்த சோறு, கெட்டுப்போன மாவு, அழுகிய பழம், புண்ணாக்கு இதையெல்லாம் நேரடியாகத் தொட்டிக்குக் கொடுத்தால் என்ன என்று 2000களின் தொடக்கத்தில் செய்து பார்த்தார். அவருடைய ஆர்த்தி நிறுவனம் சொன்ன கணக்குப்படி 40 கிலோ சாணம் 40 நாளில் தருகிற மீத்தேனை 2 கிலோ மாவுப்பொருள் ஒரே நாளில் தந்துவிடும். எரிசக்திப் பணிகளுக்காக லண்டனில் கொடுக்கும் ஆஷ்டன் விருது, அந்த முறையில் அவர்கள் செய்த சின்னத் தொட்டிக்கு 2006ல் கிடைத்தது. இன்று கடைகளில் விற்கும் இந்த வீட்டுத் தொட்டிகளுக்கெல்லாம் வழி காட்டியது அதுதான். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்துக்காரர்களும் சக்தி சுரபி என்ற பெயரில் சமையல் கழிவுத் தொட்டி ஒன்றை உருவாக்கிப் பரப்பியிருக்கிறார்கள்.

சரி, என் தொட்டிக்கு வருகிறேன்.

தொடங்குவதற்கு மட்டும் சாணம் வேண்டும். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர் மாட்டு வயிற்றில் குடியிருக்கிறது, சாணத்தோடு வெளியே வருகிறது, பாலுக்கு உறை மோர் ஊற்றுகிற மாதிரி. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கட்டுத்தரையிலிருந்து பத்துக் கூடை சாணம் எடுத்துக்கொள்ளச் சொன்னார், காசு வாங்கவில்லை. சம அளவு தண்ணீரில் கரைத்து, வைக்கோலையும் கல்லையும் அரித்து எடுத்துவிட்டு ஊற்றினோம். 12ஆம் நாள் டிரம் மேலே எழும்பியது. எங்கள் பையன் ஓடிவந்து சொன்னான், எல்லாரும் போய் நின்று பார்த்தோம். அடுப்பைப் பற்றவைத்தால் பிடிக்கவே இல்லை. பயந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, முதலில் சேர்வது பெரும்பாலும் கரியமில வாயுவும் டிரம்மில் இருந்த காற்றும்தான். அதை முழுக்கத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும், அதுவும் பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல். மீத்தேனும் காற்றும் கலந்து இருக்கும்போது பற்றவைப்பது ஆபத்து. இதை விற்றவர்கள் வாய் திறந்து சொல்லவே இல்லை, கையேட்டில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. இவ்வளவு முக்கியமான விஷயத்தை முதல் பக்கத்தில் அல்லவா போட வேண்டும்?

19ஆம் நாள் எரிந்தது. வெளிர் நீலம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியவில்லை, கையை மேலே காட்டித்தான் சூட்டை உணர்ந்தேன். அன்றைக்கு முதலில் பால் காய்ச்சினோம்.

இனி, விற்பவர்கள் சொல்லும் கணக்கு. "தினம் 3 கிலோ கிச்சன் வேஸ்ட் போட்டால் 2 மணி நேரம் எரியும்." நோட்டீசில் பெரிய எழுத்தில் இதைத்தான் போட்டிருந்தார்கள். எனக்கு ஒரு நாள்கூட அப்படி வரவில்லை. என் மேல்தான் தப்பு என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு டிரம் பக்கவாட்டில் பெயிண்டால் சென்டிமீட்டர் கோடு போட்டேன். டிரம்மின் குறுக்களவு 1 மீட்டர், அப்படியென்றால் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் உள்ளே சுமார் 8 லிட்டர் வாயு சேர்ந்திருக்கிறது. தினம் காலை ஆறரைக்குக் கோட்டைப் பார்த்துக் காலண்டரில் எழுதினேன். இரண்டரைக் கிலோ கழிவுக்கு 33லிருந்து 36 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 275 லிட்டர். அடுப்பு முழு வேகத்தில் நிமிடத்துக்கு 6 லிட்டர் குடிக்கிறது. முக்கால் மணி நேரம். அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில் படித்த வேதியியல் போதும். ஒரு கிலோ காய்ந்த மாவுச்சத்து ஒரு துளி மிச்சமில்லாமல் நொதித்தால் 800 லிட்டர் சொச்சம் வாயு வரும், அதில் பாதி மீத்தேன், பாதி கரியமில வாயு. அதற்கு மேல் யார் தொட்டியிலும் வராது, மந்திரம் போட்டாலும் வராது. இப்போது சமையல் கழிவை எடுங்கள். பூசணித் தோல், சுரைக்காய்க் குடல், வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு, எல்லாவற்றிலும் பெரும்பங்கு தண்ணீர்தான். இரண்டரைக் கிலோவில் காய்ந்த பொருள் அரைக் கிலோ தேறினால் அதிகம், அதிலும் நார் போக மீதிதான் வாயுவாகும். இரண்டு மணி நேரம் எரிய வேண்டுமென்றால் தினம் 3 கிலோ சோற்றைக் கொட்ட வேண்டும். விற்பவர் ஒருவேளை ஹோட்டல் மிச்சத்தை வைத்து அளந்திருக்கலாம். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் தினம் 3 கிலோ சோறு எப்படி மிஞ்சும்? மிஞ்சக் கூடாது.

அதற்காக முக்கால் மணி நேரத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். காலையில் பால், காபி, இட்லி இரண்டு ஈடு, மதியம் ஒரு குழம்பு தாளித்துக் கொதிக்கவிடுவது, இதெல்லாம் அதில் முடிந்துவிடுகிறது. எங்களுக்கு ஒரு சிலிண்டர் 45 நாள் வரும், இப்போது 70லிருந்து 75 நாள் வருகிறது. வருஷத்துக்கு 8 சிலிண்டர் வாங்கிய இடத்தில் 5. கேஸ் மிச்சத்தை மட்டும் வைத்து 28,000 ரூபாயை எடுக்கப் பத்து வருஷம் ஆகும். அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

கழிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொட்டி நல்லதா கெட்டதா என்பது முழுக்க இதில்தான் இருக்கிறது. வடிகஞ்சி, கழனித் தண்ணீர், அரிசி உளுந்து கழுவிய தண்ணீர் மூன்றும் அமிர்தம். வெறும் தண்ணீர் ஊற்றிக் கரைப்பதற்குப் பதில் இதை ஊற்றினாலே 3 சென்டிமீட்டர் கூடுகிறது. அளவு மீறாத வரைக்கும் புளித்துப்போன இட்லி மாவு நல்லது. அழுகிய தக்காளி, கனிந்துபோன வாழைப்பழம், பலாச் சக்கை அருமை. ஆடியில் சந்தையில் தக்காளி விலை விழுந்தபோது கூடை கூடையாகக் கிடைத்தது, அந்த வாரம் டிரம் 40ஐத் தாண்டியது. புங்கம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி ஊறவைத்துப் போட்டால் மறுநாளே வித்தியாசம் தெரியும். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் வேண்டாம், அந்தத் தோலில் உள்ள எண்ணெய் நுண்ணுயிரைக் கொல்லும். முட்டை ஓடு, எலும்பு, தேங்காய் நார், மாங்கொட்டை எதுவும் கரையாது, அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாத்திரம் தேய்த்த சோப்புத் தண்ணீர் கூடவே கூடாது.

வாழை மட்டைதான் என்னை ஏமாற்றியது. எங்கள் பக்கம் தார் வெட்டிய பிறகு மரம் சும்மா கிடந்து அழுகும், இலவசமாக இவ்வளவு பச்சை கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு ஒரு வாரம் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டேன். வாயு ஏறவில்லை. பத்தாம் நாள் கழிவு ஊற்றும் குழாய் அடைத்துக்கொண்டது. கம்பி விட்டு இழுத்தால் ஒரு முழ நீளத்துக்கு ஈரமான நார்க் கயிறு, சணல் திரித்த மாதிரி, அப்படியே உருக்குலையாமல் வந்தது. பத்து நாளில் சதை போயிருந்தது, நாருக்கு ஒன்றுமே ஆகவில்லை. நாரின் செல்லுலோசைச் சுற்றி லிக்னின் என்ற பசை பூசியிருக்கிறது, மரத்துக்கு உறுதி கொடுப்பதே அதுதான். காற்றில்லாத தொட்டிக்குள் அதை அசைக்க ஆளில்லை.

இந்தச் சிக்கல் என் தொட்டிக்கு மட்டும் இல்லை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்களே, அதுவும் நொதித்த எரிபொருள்தான், கரும்புப் பாகிலும் மக்காச்சோளம் அரிசியிலும் ஈஸ்டை விட்டு எடுக்கிறார்கள். சாப்பிடுகிற தானியத்தை வண்டிக்கு ஊற்றலாமா என்று கேள்வி வந்ததால் வைக்கோலிலிருந்து எடுக்க ஹரியானாவில் பானிபட்டில் இந்தியன் ஆயில் ஒரு ஆலை கட்டியது. 2022 ஆகஸ்டில் திறந்தார்கள். 900 கோடிக்கு மேல் செலவு, வருஷம் 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். அவ்வளவு பணம் எதற்கு ஆகிறது என்றால் வைக்கோலின் அந்தப் பசைக் கட்டை முதலில் உடைத்து, பிறகு செல்லுலோசை நொதிப்பொருள் வைத்துச் சர்க்கரையாக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் ஈஸ்டுக்கே வேலை. அந்த நார்க் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது இதெல்லாம் எனக்கு நன்றாகப் புரிந்தது. மாடு அசை போட்டு அசை போட்டு அரைக்கிறது, தொட்டிக்குப் பல் இல்லை, நாம்தான் அரைத்துக் கொடுக்க வேண்டும். பழைய மிக்சி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். எதையும் ஒரு சுற்று அரைத்து ஊற்றினால் நறுக்கிப் போடுவதைவிட வாயு சீக்கிரம் வருகிறது, குழாயும் அடைப்பதில்லை.

வீட்டுக்குச் சாராயமாக எடுக்காமல் ஏன் கேஸாக எடுக்கிறோம் என்று என் தம்பி கேட்டான், நல்ல கேள்வி. எத்தனால் தண்ணீரோடு கலந்தே இருக்கும், நொதித்த பிறகு காய்ச்சி வடித்து, மிச்ச ஈரத்தையும் எடுத்தால்தான் எரிபொருள், அப்படிக் காய்ச்சுவதற்கே எவ்வளவு விறகு ஆகும்! மீத்தேனுக்கு அந்த வேலையே இல்லை, தண்ணீரில் கரையாது, குமிழி விட்டுத் தானாக மேலே வந்து நிற்கும்.

பொங்கல் கதைக்கு வருகிறேன். நான்காவது மாதம். மாட்டுப் பொங்கலுக்குச் சொந்தம் எல்லாம் வந்து முப்பது பேர் சாப்பிட்டார்கள். சோறு, சர்க்கரைப் பொங்கல், குழம்பு எல்லாம் மிஞ்சியது. எறிய மனம் வரவில்லை, இவ்வளவும் கேஸ் ஆகுமே என்று இரண்டு நாளில் 14 கிலோ போல உள்ளே தள்ளிவிட்டேன். முதல் நாள் டிரம் உச்சிக்கு ஏறி விளிம்பு வழியாக நுரை தள்ளியது. நல்ல சந்தோஷம். மூன்றாம் நாள் அடுப்பைத் திறந்தால் உஸ் என்று சத்தம் மட்டும் வருகிறது, தீ பிடிக்கவில்லை. தொட்டிப் பக்கம் போனால் வாந்தி எடுக்கிற மாதிரிப் புளித்த நாற்றம். புளிப்பை அளக்கும் பி.எச். தாளை நனைத்துப் பார்த்தேன், 7 காட்ட வேண்டியது ஐந்தரையில் நின்றது.

விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். டெக்னீஷியன் வருவார் என்றார்கள். தினம் போன் செய்தேன், வருவார் என்றார்கள். அவர் வந்தது 18ஆம் நாள், அதற்குள் தொட்டி குணமாகிவிட்டது. வந்தவர் டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்குதுங்க" என்று சொல்லிச் சர்வீஸ் சார்ஜ் 350 ரூபாய்க்குப் பில் நீட்டினார். அந்த 350 இன்னும் என் மனதில் இருக்கிறது.

குணப்படுத்தியது எங்கள் அத்தை. அவர் நாற்பது வருஷம் மாடு வைத்திருந்தவர். நாற்றத்தை முகர்ந்துவிட்டு, "மாட்டுக்கு இப்படித்தான் போடுவியா கண்ணு? சோத்தத் தின்ன மாடு வயிறு உப்பிப் படுத்துக்கும்ல" என்றார். மாட்டுப் பொங்கல் அன்று ஆசையாகப் பொங்கலை அள்ளி அள்ளிக் கொடுத்து, மாடு படுத்துவிட்டு, டாக்டரைத் தேடி அலைகிற வீடுகளை எங்கள் பக்கம் வருஷாவருஷம் பார்க்கலாம். என் தொட்டிக்கும் அதே நோய்தான் வந்திருந்தது.

உள்ளே இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. முதல் கூட்டம் சோற்றைச் சர்க்கரையாக்கி, சர்க்கரையைப் புளிப்பு அமிலமாக்கும். இட்லி மாவு புளிக்கிற மாதிரிதான், மாவு அந்தப் படியோடு நின்றுவிடும். தொட்டியில் இரண்டாம் கூட்டம் ஒன்று இருக்கிறது, அது அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும். முதல் கூட்டம் மணிக்கணக்கில் பெருகும், இரண்டாம் கூட்டம் பெருக நாள்கணக்கு ஆகும். சோற்றைக் கொட்டினால் முதல் கூட்டம் அமிலமாகத் தள்ளிக்கொண்டே போகும், இரண்டாவது சமாளிக்க முடியாமல் புளிப்பிலேயே செத்துப்போகும். அப்போது வருவது கரியமில வாயுதான், எப்படி எரியும்?

அத்தை சொன்னபடி சாப்பாட்டை அடியோடு நிறுத்தினோம். சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்து, தெளிவை மட்டும் தினம் ஒரு செம்பு ஊற்றினோம், மொத்தமாக ஊற்றாமல் தாளில் பார்த்துப் பார்த்து. பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் மறுபடி இரண்டு கூடை சாணம். ஏழாம் நாள் 6, பதினோராம் நாள் ஆறரை, பதினைந்தாம் நாள் மெலிசாக ஒரு நீலத் தீ. பிறகு ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி என்று குழந்தைக்குச் சோறு ஊட்டிப் பழக்குகிற மாதிரி ஏற்றிக்கொண்டு போனோம்.

இதை ஒரு மெஷின் என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய குறை. சுவிட்ச் போட்டால் ஓடுகிற பொருள் என்று நினைத்து வாங்கி, ஒரு தடவை புளித்ததும் ஓரம் கட்டி, துணி காயப் போடுகிற இடமாக ஆக்கிவிட்ட வீடுகளை எனக்குத் தெரியும். அது ஒரு வயிறு. அளவாக, நேரத்துக்கு, அரைத்து, பட்டினியும் போடாமல் கொடுக்க வேண்டும். பத்து நாள் ஊருக்குப் போனால் பரவாயில்லை, அது சாகாது, திரும்பி வந்து பாதி அளவில் தொடங்கினால் மூன்று நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். விற்கும்போது இதை ஒரு பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ தொட்டி இன்று எரிந்துகொண்டிருக்கும்.

மற்ற குறைகள். வாயுவின் அழுத்தம் ரொம்பக் குறைவு. சிலிண்டர் ரெகுலேட்டர் 30 சென்டிமீட்டர் நீரளவு அழுத்தம் தருகிறது, இந்த டிரம் தன் எடையில் கொடுப்பது அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. டிரம் தலையில் பத்துச் செங்கலை வட்டமாக, சாயாமல் அடுக்கினேன், தீ இரண்டு மடங்கு எழுந்தது. கூடவே கொடுக்கும் அடுப்பைத்தான் பயன்படுத்த வேண்டும், உங்கள் சிலிண்டர் அடுப்பில் மாட்டினால் சரியாக எரியாது. சிலிண்டர் கேஸ் எரிய அதன் அளவைப் போல இருபது மடங்குக்கு மேல் காற்று வேண்டும், பயோகேஸுக்கு ஆறு மடங்கு போதும், அதனால் ஜெட் ஓட்டை பெரியதாகவும் காற்று வழி சின்னதாகவும் இருக்க வேண்டும். கொடுத்த அடுப்பு தகரம்தான், கனமான குக்கர் வைத்தால் ஆடுகிறது, நான் பழைய இரும்பு முக்காலி வைத்துக்கொண்டேன்.

ட்யூப் பதித்த ஆள் நடுவில் தொங்கவிட்டுவிட்டார். வாயுவோடு வருகிற ஆவி அந்தப் பள்ளத்தில் தண்ணீராகி நின்று, தீ துடிக்க ஆரம்பித்தது, டப் டப் என்று மூச்சு வாங்குகிற மாதிரி. தொட்டியை நோக்கிச் சரிவாக இழுத்துக் கட்டி, தாழ்ந்த இடத்தில் T வடிவ இணைப்பு ஒன்றும் சின்னத் திருகு குழாயும் வைத்து, வாரம் ஒரு தடவை திறந்துவிடுகிறோம். கால் டம்ளர் தண்ணீர் வருகிறது. அழுகிய முட்டை வாடைக்கு ஒரு பாட்டிலில் இரும்பு ஸ்கிரப்பரை அடைத்துக் குழாயின் குறுக்கே வைத்திருக்கிறேன், கந்தகம் அதில் பிடித்துக்கொள்கிறது, இரண்டு மாதத்தில் கருத்துப் பொடியாகிறது, மாற்றிவிட வேண்டும். டிரம்முக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள இடுக்கில் கொசு முட்டையிட்டது, வலைத் துணியில் பட்டி தைத்துச் சுற்றியதும் நின்றது. டிரம் விளிம்பைச் சுற்றித் தனியாகத் தண்ணீர் நிற்கிற வளையம் வைத்த மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், நாற்றமும் குறைவு.

மார்கழியில் வாயு 20 சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டது. இந்த நுண்ணுயிருக்கு மாட்டு வயிற்றுச் சூடு, 35லிருந்து 40 டிகிரி, அதுதான் பிடிக்கும். இரவுக் குளிரில் சோம்பிவிடுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றினால் கொஞ்சம் தேறும். தொட்டியை நிழலில் வைக்காதீர்கள், எங்களுக்கு வேப்பமரத்தடியில் வைத்துக் கொடுத்தார்கள், பின்னால் நாலு பேர் சேர்ந்து காலி செய்து நகர்த்தினோம். சித்திரையில் அதே தீனிக்கு 42 வந்தது.

இனி நல்லது. நான் கேஸுக்காக வாங்கினேன், இப்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது கரைசல்தான். தினம் ஊற்றுகிற அளவு, 7 லிட்டர் போல, மறுபக்கம் வழிகிறது. காப்பிக்கொட்டை நிறம், தண்ணீராக இருக்கும், ஈரமண் வாசம், ஈ மொய்க்காது. வாயுவாகப் போவது பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் கரைசலிலேயே தங்கிவிடுகிறது, தழைச்சத்து செடி உடனே எடுத்துக்கொள்கிற வடிவத்துக்கு மாறியும் இருக்கிறது. மூன்று மடங்கு தண்ணீர் கலந்து கறிவேப்பிலைக்கு ஊற்றினேன். இலை வெளிறிப்போய் மூன்று வருஷமாக எழும்பாமல் நின்ற செடி, இப்போது ஆள் உயரம், கிள்ளக் கிள்ள வருகிறது. முருங்கை, ரஸ்தாளி, அவரைப் பந்தல் எல்லாவற்றுக்கும் இதுதான். மாதம் 400 ரூபாய்க்கு வாங்கிய மண்புழு உரத்தை நிறுத்திவிட்டேன். இதையும் சேர்த்தால் போட்ட பணம் நாலு வருஷத்தில் வந்துவிடும். செடி இல்லாத வீடு, மாடி வீடு என்றால் தினம் 7 லிட்டரை எங்கே ஊற்றுவீர்கள் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

யாருக்குச் சரிப்படும்? வெயில் விழுகிற ஒரு பாத்தி இடம், நாலு செடி, தினம் பத்து நிமிடம் ஒதுக்க வீட்டில் ஒரு ஆள், இந்த மூன்றும் இருந்தால் தைரியமாக வாங்கலாம். சிலிண்டரை அடியோடு விட்டுவிடலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். தொட்டிக்கு 5க்கு 4 கொடுக்கிறேன், விற்ற பிறகு கிடைத்த சர்வீஸுக்கு ஒன்று. வாங்கும் முன் கம்பெனியிடம் பி.எச். தாள் கூடவே தருகிறீர்களா, புளித்தால் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

போன மாதம் சத்தியமங்கலத்தில் இருக்கும் என் நாத்தனார் இதே மாதிரி ஒன்று போட்டாள். சாணத்தோடு சேர்த்து என் தொட்டிக் கரைசல் நாலு கேன், 160 லிட்டர், வண்டியில் ஏற்றி அனுப்பினேன், எனக்கு 19 நாள் ஆனது அவளுக்கு எப்படி ஆகிறது பார்ப்போம் என்று. ஆறாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. "அண்ணி, நீலமா எரியுதுங்க, பால் வச்சிருக்கேன்" என்றாள்.